இரண்டு வீட்டுப் புளியமரம்

ரேணுகாதேவி விசாரித்துக் கொடுத்து நடந்தேறிய திருமணங்கள் வேலூர் வட்டாரத்தில் ஏராளம். அவற்றுள் ஒன்றுக்குக்கூட அவருக்கு அழைப்பிதழ் வந்ததில்லை.

மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா, பெண் படித்ததாகச் சொல்லும் படிப்பு மெய்தானா என்று கேட்டறிந்து சொல்லும்வரை அவர் வேண்டியவர். சொல்லி முடித்த பிறகு, கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் புடவைக் கடையின் கண்ணாடியை உற்றுப் பார்த்தபடி கடந்துபோகத் தக்கவர். நம் வீட்டு ரகசியம் அறிந்தவரைப் பந்தியில் அமர்த்திப் பாயசம் ஊற்றுவது யாருக்கும் எளிதன்று அல்லவா? இதை அவர் ஒரு குறையாக எவரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. உதவியாளன் நவீன்குமாரைத் தவிர அவரோடு நாள்தோறும் பேசுகிறவர் எவரும் இல்லை. அவனோ பேசுகிறவன், கேட்கிறவன் அல்லன்.

"மேடம், இந்த ரோட்ட போட்ட இன்ஜினியரு அதுக்கு முன்னாடி ஜிலேபி கடையில வேல பாத்திருப்பாரு போல," என்றான் அவன்.

திருப்பத்தூரிலிருந்து புறப்பட்ட பேருந்து ஜமுனாமரத்தூரை நோக்கி வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. மாசி மாதத்து வெயில் ஒரு வளைவில் முகத்திலும் மறு வளைவில் முதுகிலும் விழுந்தது. அவர்களுக்கு முன்னிருக்கையில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி கோகிலவாணி அமர்ந்திருந்தார். சென்னையிலுள்ள தண்மதி மருத்துவப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர். தனியார் துப்பறிவாளரான ரேணுகாதேவியிடம் இந்த வழக்கை ஒப்படைத்தவரும் அவரே.

அடுத்த நிறுத்தத்தில் நடத்துநர் தலையை வெளியே நீட்டி ஏதோ கூவினார். இயந்திர இரைச்சலில் ரேணுகாதேவிக்குக் கேட்கவில்லை.

"இன்னா சொல்றாரு?"

"மூட்டையெல்லாம் பின்னாடி ஏத்தணுமாம் மேடம்," என்றான் நவீன்குமார்.

கோகிலவாணி திரும்பினார். "மன்னிக்க வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை. 'முன்னாடி ஏத்துனா டிரைவரு என்ன திட்டுவாரு, நான் உங்கள திட்டுவேன்' என்றார். அந்த அழகை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் சொல்கிறீர்களே."

"ஏம்மா, உங்க ஆபீசுல யாராச்சும் தும்மினாக்கூட 'அச்'சத் தனியா, 'சூ'வத் தனியா எழுதி வெப்பீங்களா?"

"பிறர் சொல்லில் நாம் கைவைக்கலாகாது, தம்பி. எங்கள் பதிப்பகத்தின் முதல் விதியே அதுதான்," என்றார் கோகிலவாணி, சற்றும் சினம் கொள்ளாமல்.

ரேணுகாதேவி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வழக்கை மீண்டும் ஒருமுறை மனத்துள் ஓட்டிப் பார்த்தார்.

வளர்பருவத்துத் திருநங்கையரும் திருநம்பியரும் மருத்துவ உதவியை எப்படித் தேடுகிறார்கள், எங்கே அது கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்பது குறித்துத் திருப்பத்தூர் மருத்துவர் ஒருவர் ஓர் ஆய்வு நடத்தினார். தண்மதி பதிப்பகம் அதை முதலில் தன் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டது. பிறகு கிராமச் செவிலியர்களும் சுகாதாரத் தன்னார்வலர்களும் படிக்கும்படி தமிழில் எளிய கையேடாகவும் கொண்டுவந்தது. அதில் 'பங்கேற்பாளர் ஒன்பது' என்று மட்டும் குறிக்கப்பட்டவள் திரௌபதி. அந்தப் பெயரை அவளே தனக்குத் தேர்ந்துகொண்டாள். திருப்பத்தூரில் தையல் நிலையமொன்றில் வேலை. மலையில் இருக்கும் அவளுடைய வீட்டாருக்கு அவள் இன்னமும் கம்பெனிக்குப் போகும் மகன். பண்டிகைக்குச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து வருவாள். சோறு உண்டு, அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவாள். அந்த இரண்டு நாளுக்காக மீதி நாள்களை ஓட்டிக்கொண்டிருந்தவள்.

கையேடு மலைக்கு வந்து சேர்ந்தது. சில நாள்களில் அவளுடைய தந்தை தொலைபேசியில் அழைத்தார். "பேர மாத்திக்கின, துணிய மாத்திக்கின, எங்க மானத்த எதுக்கு புக்குல போட்ட? இனிமே இந்தப் பக்கம் வராத," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து திரௌபதி மருத்துவரிடம் வருவதை நிறுத்திவிட்டாள். தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டிய சிகிச்சை பாதியில் நின்றது. மருத்துவர் கெஞ்சிக் கேட்டபோது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "யாரு சொன்னதுன்னு தெரியாம அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அவள் சந்தேகப்பட்டது ஒருவனை. அவளைப் பேட்டி எடுத்த கள உதவியாளன் ஆனந்தன், நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். அவளை முதன்முதலில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றவன். அவள் 'அண்ணே' என்று கூப்பிட்ட ஒரே மனிதன். இப்போது அவனுடைய எண்ணையும் தடுத்துவிட்டாள்.

"ஆனந்தன்தான் சொல்லியிருக்க வேண்டும்," என்றார் கோகிலவாணி, திரும்பிப் பாராமலேயே. "பெயரை நீக்கினோம். ஊரை நீக்கினோம். வயதைக்கூட மாற்றினோம். பிறகு எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. இன்று மாலை ஒரே ஒரு முறை தொலைபேசியை எடுப்பதாக மருத்துவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்குள் நீங்கள் உறுதிசெய்து தந்தால் போதும்."

"உறுதிசெய்யறதுக்கு முன்னாடி விசாரிக்கணுங்களே," என்றார் ரேணுகாதேவி பணிவாக.

*

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. கோகிலவாணியைப் பேருந்து நிலையத்தருகே ஓர் உணவகத்தில் அமரச் செய்துவிட்டு இருவரும் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

"அவங்கள ஏன் மேடம் வுட்டுட்டு வந்தோம்?"

"அவங்க எதிர்ல யாராவது வாயத் தொறப்பாங்களா? ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பாப்பாங்களோன்னு பயந்துடுவாங்க."

பிடிக்க வேண்டிய நூல் ஒன்றே ஒன்று. அந்தக் கையேட்டைப் படித்து, இது இன்னாருடைய பிள்ளை என்று ஊரில் முதலில் சொன்னவர் யார்? அவருக்கு யார் சொன்னது? முதல் கேள்விக்கான விடையை மருத்துவரே தெரிந்து வைத்திருந்தார். திரௌபதியின் பெரியம்மா குப்பம்மா. சந்தையில் புளி விற்பவர்.

குப்பம்மா சாக்கு விரித்து, கொட்டை எடுத்த புளியை உருண்டைகளாக அடுக்கி வைத்திருந்தார். நவீன்குமார் குனிந்து ஓர் உருண்டையைத் தொட்டான்.

"இன்னா ஆயா, புது புளியா, பழசா?"

"ஆயாவா? உங்க அம்மாவ போய்ச் சொல்லு. புதுசுதான். நக்கிப் பாரு, நாக்கு சொல்லும்."

அவன் நக்கிப் பார்த்தான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. குப்பம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரேணுகாதேவி அவருக்கெதிரே தரையில் அமர்ந்துவிட்டார். இது அவருடைய வழக்கம். நின்றுகொண்டு கேட்டால் அதிகாரி. அமர்ந்து கேட்டால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரி.

"நான் திரௌபதிக்காக வந்திருக்கேங்க. அந்த ஆஸ்பத்திரி புக்குல வந்த பொண்ணு."

குப்பம்மாவின் கை புளியின்மேல் நின்றது. "எங்க கொழுந்தனாரு மவன்…" என்று தொடங்கி, நிறுத்தி, உதட்டை நனைத்துக்கொண்டு, "மவ," என்றார். "நல்லா கீதா?"

"நல்லா இல்லீங்க. யார் சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் வெளிய வருவேங்குது. ஆனந்தன்னு ஒருத்தர் சொன்னாரா?"

"எவன் அவன்? யாரும் சொல்லலம்மா. மரம் சொல்லிச்சு."

நவீன்குமார் ரேணுகாதேவியின் காதருகே குனிந்தான். "மேடம், சாட்சி மரம்னா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது கஷ்டம்."

"சும்மா இருடா."

குப்பம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊருல பாகம் பிரிக்கும்போது நெலத்த பிரிச்சாங்க, மாட்ட பிரிச்சாங்க. வரப்பு மேல நிக்கிற புளியமரத்த எப்படிப் பிரிக்கிறது? ஒரு வருசம் எங்க வூடு உலுக்கும், ஒரு வருசம் கொழுந்தனாரு வூடு உலுக்கும். முறை வந்தவங்க சொல்றதுதான் அந்த வருசம் சட்டம். யாரு ஏறணும், யாரு கீழ குந்தணும், யாருக்கு எத்தினி கூறு, எல்லாம். எங்க ஊருல அப்படி ரெண்டு வூட்டு மரம் அது ஒன்னுதான். எம் பொண்ணு சுகாதாரத்துல தன்னார்வலரு. ட்ரெய்னிங்ல குடுத்தாங்கன்னு அந்த புக்க எடுத்தாந்து வாசல்ல குந்தி படிச்சா. நான் கம்பு பொடைச்சிகினு கேட்டுகினு இருந்தேன்."

"அதுல இன்னா இருந்துச்சு?"

மனப்பாடமாகவே வந்தது. "'எங்க மரம் ரெண்டு வூட்டு மரம். ஆம்பளைங்க மேல ஏறி உலுக்குவாங்க, பொம்பளைங்க கீழ குந்தி கொட்ட எடுப்பாங்க. என்ன மேல ஏத்தி வுடுவாங்க. நான் எறங்கி வந்து பெரியம்மா பக்கத்துல குந்திக்குவேன்.'" குப்பம்மா தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பெரியம்மா நாந்தாம்மா. ஒவ்வொரு வாட்டியும் சொம்புல தண்ணி குடுத்து, 'ஆம்பளப் புள்ளைக்கு இங்க இன்னா வேல, போடா மேல'ன்னு முதுகுல தட்டி அனுப்பினவ நாந்தான். அது எதுக்கு எறங்கி வந்துச்சுன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. அழுதேன். சத்தமா அழுதுட்டேன். பக்கத்து வூட்டுல ஓடியாந்து இன்னாச்சுன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அழுவும்போது புத்தி எங்கம்மா இருக்குது?"

குப்பம்மா சரிந்திருந்த உருண்டைகளை மீண்டும் அடுக்கினார்.

ரேணுகாதேவி எழ முயன்றபோது குப்பம்மா ஒரு பெரிய புளி உருண்டையை எடுத்து நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"உங்க வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டுந்தாங்க."

குப்பம்மா உருண்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். குறைத்துக் கொடுத்தால் மரியாதையாக இராது என்று எண்ணினாரோ என்னவோ, அப்படியே கையில் வைத்தார். "ஒரு ஆளுக்கு ஒரு வருசம் வரும்," என்றார்.

ரேணுகாதேவி அதை முந்தானையில் முடிந்துகொண்டார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ உண்மைகளைக் கேட்டறிந்த அவருக்கு, தம்முடைய உண்மையைப் பிறர் வாயால் இவ்வளவு எளிமையாகக் கேட்பது புதிதாக இருந்தது.

"இன்னொன்னும்மா," என்று குப்பம்மா பின்னாலிருந்து அழைத்தார். "அதுகிட்ட பேசினீங்கன்னா சொல்லுங்க. பங்குனியில அந்த மரத்த உலுக்குறோம். இந்த வருசம் எங்க முறை."

*

ஆனந்தனின் அறை அதே ஊரில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்புறம் இருந்தது. கதவைத் தட்டியதும் திறந்துவிட்டான். யாரோ வரக்கூடும் என்று கதவருகிலேயே அமர்ந்திருந்தவன்போல. கட்டிலும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் தவிர அறையில் வேறொன்றும் இல்லை. இருவரையும் கட்டிலில் அமரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டான்.

"நான் சொல்லலைங்க," என்றான் எடுத்த எடுப்பில். "ஆனா சொல்லலைன்னு எப்படிங்க நிரூபிக்கிறது? சொன்னத நிரூபிக்கலாம்."

"நல்லா கேட்டீங்க சார். அதுக்குத்தான் எங்களுக்கு பஸ் சார்ஜ் குடுத்து அனுப்பியிருக்காங்க," என்றான் நவீன்குமார்.

"திரௌபதி சொன்னதுல அந்த மரம் ஒன்னு வருதே, அதப் பத்திச் சொல்லுங்க," என்றார் ரேணுகாதேவி.

ஆனந்தனின் முகத்தில், இவ்வளவு துயரத்துக்கிடையிலும், ஒரு சிறு பெருமிதம் எட்டிப் பார்த்தது. "அதத்தாங்க ரொம்ப கவனமா மாத்தினேன். அதப் படிச்சா ஊருல தெரிஞ்சிடும்னு எனக்குத் தெரியும். அதனால ரெண்டு வூட்டு மரங்கிறத எடுத்துட்டு, கண்ணமங்கலம் பக்கத்துல ஒரு தோப்புன்னு போட்டேன். மாமரம்னு போட்டேன். 'மாமரத்துல ஏறி உலுக்குவாங்க'ன்னு இங்கிலீஷ்ல நானே அடிச்சுக் குடுத்தேன். டாக்டரம்மாகூட பாத்துட்டு சரின்னாங்க."

"தமிழ்ப் புத்தகம் பாத்தீங்களா?"

"எனக்கு அனுப்பலைங்க. பேரு போட்டவங்களுக்கு மட்டும்தான் பிரதி. என் பேரு அதுல இல்ல."

அவன் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னான். ரேணுகாதேவி தம் பையிலிருந்து கையேட்டை எடுத்து, உரிய பக்கத்தை விரித்து, அவன் கையில் கொடுத்தார்.

ஆனந்தன் நின்றபடி படித்தான். ஒரு வரியில் விரலை வைத்து மீண்டும் படித்தான்.

"இது… இது அவ பேசின மாதிரியே இருக்குதுங்க. இது நான் எழுதினது இல்ல. இந்தச் சொல்லு ஒன்னுகூட நான் எழுதல. இது அவ குரலு."

"அவ குரல் வேற யாருகிட்ட இருந்துச்சு?"

"டாக்டரம்மாகிட்ட. அப்புறம்…" அவன் தயங்கினான். "பேட்டியெல்லாம் நெசமாவே எடுத்ததுதானான்னு சரிபாக்க, ஒலிப்பதிவ பதிப்பகத்துக்கு அனுப்பினோம். அது வழக்கம்தானுங்களே."

வெளியே வந்ததும் நவீன்குமார் நடையை நிறுத்தினான். அவனிடம் அப்போது வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை.

"மேடம். நமக்கு வேல குடுத்தவங்கள நாமளே புடிக்கிறதா?"

"புடிக்கிறது நம்ம வேல இல்லடா. கேக்கறதுதான்," என்றார் ரேணுகாதேவி. ஆனால் அவருடைய நடை தளர்ந்துதான் இருந்தது. இன்னும் ஒரு வீட்டார் அவரைக் கண்டால் புடவைக் கடைக் கண்ணாடியைப் பார்க்கப் போகிறார்கள்.

*

கோகிலவாணி காப்பியைத் தொடாமலே ஆறவிட்டிருந்தார்.

"உறுதியாயிற்றா?"

"ஒரே ஒரு சந்தேகங்க," என்றார் ரேணுகாதேவி. "உங்க ஆங்கில இதழ்ல அந்தப் பொண்ணு ஏறி இறங்கின மரம் இன்னா மரம்?"

"மாமரம். அது பிழை," என்றார் கோகிலவாணி உடனே. கேள்வி தம் துறைக்குள் வந்ததில் அவர் முகம் சிறிது மலர்ந்தது. "மாங்காயை யாராவது உலுக்குவார்களா? அடிபட்டு வீணாகிவிடாதா? ஆங்கிலத்தில் எழுதியவருக்குத் தெரியவில்லை. தமிழ்க் கையேட்டை உருவாக்கும்போது ஆங்கிலத்திலிருந்து அந்தப் பெண்ணின் பேச்சைத் திரும்பவும் மொழிபெயர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் பேசியதே தமிழில்தானே? மூலம் கையில் இருக்கும்போது நிழலை எதற்கு மொழிபெயர்ப்பது? ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பெயரையும் ஊரையும் நீக்கினேன், வயதை மாற்றினேன், அவ்வளவுதான். அந்தப் பிழையையும் அப்போது நானே திருத்…"

சொல் பாதியில் நின்றது.

நவீன்குமார் மேசையின்மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். உணவகத்துக்காரர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டது.

"அது பிழை அன்று," என்றார் கோகிலவாணி.

"இல்லீங்க."

"அது போர்வை."

"ஆமாங்க. கொஞ்சம் ஓட்டைப் போர்வை. டவுன்ல பொறந்த பையன் நெய்தது. ஆனா அவளுக்காக நெய்தது."

கோகிலவாணி கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினார். "மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் நான் அவனைத் துரோகி என்றேன்." பிறகு, தாழ்ந்த குரலில், "இதை நீங்களே அந்தப் பெண்ணிடம் தெரிவித்துவிடலாமே? பதிப்பகத்தில் ஒரு தவறு நேர்ந்தது என்று பொதுவாக…"

"சொல்லலாங்க. ஆனா அவ கேட்டது பதிப்பகத்த இல்ல, ஒரு ஆள." ரேணுகாதேவி தம் கைப்பேசியில் எண்ணை அழுத்தி மேசைமேல் வைத்தார். "பிறர் சொல்லுல கைவைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க சொல்ல நான் சொன்னா நல்லா இருக்காது."

மணி அடித்தது. எடுக்கப்பட்டது. எதிர்முனையில் தையல் இயந்திரத்தின் ஓட்டம் கேட்டது.

"வணக்கம்," என்றார் கோகிலவாணி. அவர் குரல் மேடையில் பேசுவதுபோலத் தொடங்கி, இரண்டாம் வாக்கியத்தில் உடைந்தது. "தண்மதி பதிப்பகத்திலிருந்து கோகிலவாணி பேசுகிறேன். தாங்கள் யாரென்று ஊருக்குத் தெரியும்படி செய்தவர் ஆனந்தன் அல்லர். நான்."

தையல் இயந்திரம் நின்றது.

"இன்னா சொல்றீங்க?"

கோகிலவாணி சொன்னார். எதையும் மறைக்காமல், எதையும் மெருகேற்றாமல் சொன்னார். ஒலிப்பதிவைக் கேட்டது, மாமரத்தைப் பிழை என்று எண்ணியது, புளியமரத்தை மீண்டும் நட்டது.

"என் குரல கேட்டீங்களா?" என்றாள் திரௌபதி.

"பலமுறை கேட்டேன்."

"முழுசா?"

"முழுவதும்."

பிறகு: "அண்ணன் மாமரம்னா போட்டாரு?"

"ஆம்."

"மாங்காய எவன் உலுக்குவான்?" என்றாள் அவள். சட்டென்று ஒரு சிரிப்பு வெடித்தது. "லூசு அண்ணன். மாங்காயப் போய்… தொறட்டி போட்டு அறுக்கறத இவரு உலுக்குறாராம்!" சிரிப்பு நீண்டுகொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் சிரிப்பாக இல்லாமல் ஆயிற்று. "ஐயோ. நான் அவர இன்னா இன்னா பேசிட்டேன்."

கோகிலவாணி கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"மேடம்," என்றது குரல், இப்போது சமநிலையில். "உங்க மேல கோவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு நான் எங்க போவேன்? அது உங்களால போச்சு."

"ஆம். என்னால்தான்."

"ஆனா ஒன்னு. அந்தப் பக்கத்த நானும் படிச்சேன், அண்ணன்தான் எழுதிக் குடுத்தாருன்னு நெனச்சுட்டேன். நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே எழுதியிருந்துச்சு. வீட்டுல, ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, நான் இன்னா சொன்னாலும் அவங்களுக்குப் புரியற மாதிரி மாத்தித்தான் எழுதிப்பாங்க. அதுலதான் மாத்தாம இருந்துச்சு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். சந்தோசப்படவும் முடியல."

எதிர்முனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"புதன்கிழமை வர்றேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க. அண்ணன ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க. வரும்போது நாலு மாங்காய் எடுத்தாரச் சொல்லுங்க. உலுக்கி எடுத்தாரச் சொல்லுங்க."

ரேணுகாதேவி கைப்பேசியருகே குனிந்தார். "திரௌபதி, உங்க பெரியம்மாவப் பாத்தேன். பங்குனியில மரம் உலுக்குறாங்களாம். இந்த வருசம் அவங்க முறைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

நீண்ட மூச்சொலி ஒன்று கேட்டது. "எங்கப்பா இருப்பாரே."

"முறை வந்தவங்க சொல்றதுதானே அந்த வருசம் சட்டம்?"

வருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் தையல் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு சீராக. அதைக் கேட்டபடி மூவரும் அமர்ந்திருந்தார்கள். அவள் தொடர்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள் என்று நவீன்குமார்தான் முதலில் உணர்ந்து பொத்தானை அழுத்தினான்.

*

ஆனந்தனிடம் செய்தியைச் சொல்ல நவீன்குமார் ஓடினான். "நாலு மாங்காய் கேட்டுச்சு சார், மாசியில நீங்க எங்க போய்த் தேடுவீங்களோ," என்று அவன் சொன்னதும் ஆனந்தன் அந்தப் பஞ்சர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும், கடைக்காரர் அவனுக்கும் ஒரு டயர் பஞ்சராகிவிட்டது என்று எண்ணித் தண்ணீர் கொடுத்ததாகவும் திரும்பி வந்து சொன்னான். அதில் எவ்வளவு மெய், எவ்வளவு அவனுடைய கைவண்ணம் என்று ரேணுகாதேவி விசாரிக்கவில்லை.

மாலைப் பேருந்து இறங்கத் தொடங்கியது. இந்த முறை கோகிலவாணி முன்னிருக்கையில் அமரவில்லை. ரேணுகாதேவியின் அருகில் வந்து அமர்ந்தார். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

"மீதமுள்ள பிரதிகளைத் திரும்பப் பெறுகிறோம்," என்றார் கோகிலவாணி. "ஆனந்தனின் பெயரை அச்சிட வேண்டும். போனவற்றை எப்படித் திரும்பப் பெறுவதென்றுதான் தெரியவில்லை."

ரேணுகாதேவி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். புளி உருண்டை வெயிலில் சற்று இளகியிருந்தது.

"உங்க வீட்ல எத்தனை பேருங்க?"

கோகிலவாணி அந்த உருண்டையைப் பார்த்தார். "நான் மட்டும்."

ரேணுகாதேவி உருண்டையை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைக் கையேட்டுப் பக்கம் ஒன்றில் சுற்றி அவரிடம் கொடுத்தார். "குப்பம்மா குடுத்தாங்க. ஒரு ஆளுக்கு ஆறு மாசம் வருமாம்."

"அப்படியா சொன்னார்?"

"இல்லீங்க. ஒரு ஆளுக்கு ஒரு வருசம் வரும்னாங்க. நான்தான் மாத்திட்டேன்."

கோகிலவாணி வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அந்தப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதை அவர் திருத்தவில்லை.